தொட்டிலை ஆட்டிய கைகள்: மலாயாத் தோட்டங்களில் பச்சிளங்குழந்தையின் உறக்கமும் தாயின் மனநலமும்

முன்னுரை

மலாயாத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் வேலை நேரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கப்பல், கங்காணி, பெரட்டு, பால்வெட்டு, நாட்கூலி, வேலைநிறுத்தம் ஆகியவை ஆவணங்களில் இடம்பெற்றன. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் நடந்தவை அவ்வளவாகப் பதிவு பெறவில்லை. குறிப்பாக, அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இரவு எவ்வாறு கழிந்தது, அழும் குழந்தையை யார் தூங்க வைத்தார்கள், அவள் மனம் தளர்ந்தபோது யார் உடனிருந்தார்கள் என்னும் வினாக்கள் நம் ஆய்வுகளில் எழுப்பப்படவே இல்லை எனலாம்.

இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்புகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தோட்டங்கள் கலையத் தொடங்கிய 1960கள் வரையிலான காலமே இதன் முதன்மை எல்லை. மலாயா என்னும் சொல் இங்கே சிங்கப்பூரையும் உள்ளடக்கும். பச்சிளங்குழந்தையின் உறக்கமும் தாயின் மனநலமும் தனித்தனிப் பொருள்களல்ல என்பதும், இரண்டும் தாயைச் சுற்றியிருந்த துணைக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். புலம்பெயர்வு அக்கைகளை ஒருமுறை கலைத்தது. தோட்ட மக்கள் அவற்றை வேறு வடிவில் மீண்டும் சேர்த்துக்கொண்டனர். தோட்டங்களின் சிதைவு அவற்றை இரண்டாம் முறை கலைத்தது. இந்த மூன்று கட்டங்களையும் வரிசையாகக் காண்போம்.

தாய்வீட்டு மரபு

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வதே வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து, பெண்ணைப் பெற்றோர் அழைத்துச் செல்வர். பிள்ளை பிறந்தபின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை அவள் அங்கேயே தங்குவாள். பூண்டு, சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் சேர்ந்த பத்திய உணவு, வேது நீர்க் குளியல், வயிற்றைச் சுற்றித் துணி கட்டுதல், குழந்தைக்கு எண்ணெய் தடவிக் கால்மேல் கிடத்தி நீராட்டுதல், சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகியவை இக்காலத்தின் நடைமுறைகள். பிள்ளை மருந்து எனவும் பேர் சொல்லாதது எனவும் வழங்கிய வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பதும் இவற்றுள் ஒன்று. இன்றைய குழந்தை மருத்துவர் வசம்பு கொடுப்பதை ஏற்பதில்லை.

இந்நடைமுறைகளை மருந்தாகவும் சடங்காகவும் பிரித்து விளக்குவது மானிடவியலில் வழக்கமாகிவிட்டது. அவற்றை உழைப்பாக எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். நீர் காய்ச்சுபவர் ஒருவர், குழந்தையை நீராட்டுபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், இரவில் தூளியை ஆட்டுபவர் ஒருவர். ஒரு பிள்ளைப்பேற்றைச் சுற்றி மூன்று நான்கு பெண்களின் உழைப்பு பல வாரங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தீட்டு என்னும் பெயரால் அடுப்படியிலிருந்தும் வயலிலிருந்தும் தாய் விலக்கப்பட்டாள். அவ்விலக்கே அவளுக்கு ஓய்வாகவும் அமைந்தது. பேறுற்ற பெண்ணைத் தனியே விடக்கூடாது என்பதும், அவள் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் இருக்க வேண்டும் என்பதும் காத்து, கருப்பு அச்சத்தால் விளைந்த விதிகள். ஆயினும் அவ்வச்சத்தின் பயனாக அவளருகே எந்நேரமும் ஒருவர் இருந்தார்.

இம்மரபைப் பொற்காலமாகக் கருதுதல் தவறாகும். தீட்டு சில வீடுகளில் தாயை இருட்டறைக்குள் முடக்கியது. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் அவள் உடலை வாட்டியது. பெண்குழந்தை பிறந்தால் அத்தனை கைகளும் ஒருசேரக் குளிர்ந்துபோவதும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, இந்த ஓய்வு எல்லாப் பெண்களுக்கும் கிட்டியதில்லை. மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு போன்ற மாவட்டங்களின் நிலமற்ற உழைக்கும் குடும்பத்தினர். பண்ணையில் வேலை இருக்கும் காலத்தில் அப்பெண்கள் சில நாள்களிலேயே வயலுக்குத் திரும்ப நேர்ந்தது. எனவே அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்தது முழுமையான ஒரு மரபன்று. இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஓர் எதிர்பார்ப்பையே அவர்கள் கொண்டுவந்தனர் எனல் பொருந்தும்.

கடல் கடந்தபின்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை இந்திய அரசின் 1938ஆம் ஆண்டுத் தடை வரை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகப் பினாங்குக்கும் பிற துறைமுகங்களுக்கும் வந்து சேர்ந்தோரில் ஆண்களே மிகுதி. 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஐந்நூற்றுக்கும் குறைவாகவே இருந்தனர். 1931இலும் நிலை பெரிதாக மாறவில்லை. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசால் அனுப்பப்பட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை 1937இல் வெளிவந்தது. அக்காலத்து விவாதங்களில் பால் விகிதக் குறைவு ஒழுக்கச் சிக்கலாகவும் குடும்ப அமைதியின்மையின் காரணமாகவும் பேசப்பட்டது.

பிள்ளை பெற்ற பெண்ணின் பக்கமிருந்து நோக்கினால் அவ்விகிதம் வேறொரு பொருள் தருகின்றது. பெண்கள் குறைவு என்றால் மனைவியர் குறைவு என்பது மட்டுமன்று. தாய்மார், சகோதரிகள், அத்தைமார், பாட்டிமார் ஆகியோரும் குறைவு. வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது உழைக்கும் வயதினரே விரும்பப்பட்டனர். முதியவர்கள் ஊரிலேயே தங்கினர். இருபது வயதுப் பெண் ஒருத்தி முதல் குழந்தையைப் பெறும்போது அவளுடைய தாய் கடலுக்கு அப்பால் இருந்தாள். அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று மலாயாவில் இல்லை.

கங்காணி முறைக்கு இவ்வகையில் ஒரு பக்க விளைவு உண்டு. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தமையால், ஒரே லயத்தில் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் வாழ்ந்தனர். சுரண்டலின் கருவியாக விளங்கிய அதே அமைப்பு, அக்கா, சின்னம்மா, அத்தை என்று அழைக்கத்தக்க பெண்களை அண்டை அறைகளில் சேர்த்து வைத்தது. இரத்த உறவு இல்லாத இடத்தில் முறைப்பெயர் உறவை உண்டாக்கியது. தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, பத்தியம் சமைத்துக் கொடுத்த பக்கத்து அறைப் பெண், குழந்தையை நீராட்டத் தெரிந்த மூதாட்டி ஆகியோர் தாய்வீட்டின் பணிகளைப் பங்கிட்டுக்கொண்டனர். தோட்டத்தை ஒட்டிய கம்பங்களிலிருந்து மலாய் மருத்துவச்சி வந்து உடல் பிடித்துவிடுவதும் உண்டு. மலாய்ப் பெண்களின் நாற்பத்து நான்கு நாள் பந்தாங் வழக்கமும் தமிழரின் பத்திய வழக்கமும் ஒன்றையொன்று எளிதில் புரிந்துகொண்டன.

பெரட்டு நேரமும் குழந்தையின் நேரமும்

புதிதாகப் பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய பதினான்கு முதல் பதினேழு மணி நேரம் உறங்கும். ஆயினும் அவ்வுறக்கம் தொடர்ந்து அமைவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்து விழிக்கும். இரவு, பகல் வேறுபாடு அதன் உடலில் பதிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். உலகின் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொது.

இரப்பர் மரத்துக்கும் தனி நேரம் உண்டு. விடியலுக்கு முன் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். எனவே தொழிலாளர்கள் இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. மரம் வெட்டும் பெண் அதற்கும் முன்பே எழுந்து சமைத்தாக வேண்டும். குழந்தையின் நேரமும் மரத்தின் நேரமும் ஒரே உடலில் மோதின. இரவில் பலமுறை விழித்த தாய், விடியுமுன் மீண்டும் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பாலைத் திரட்டிச் சுமந்து நிறுத்துவைக்கத் திரும்பினாள். இதற்கு 1937இல் வழங்கிய நாட்கூலி அளவு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

இம்மோதலைத் தணித்த கருவி தூளி. உத்தரத்தில் கட்டிய பழஞ்சேலையே தூளி, ஏணை, தொட்டில் எனப் பலவாறு வழங்கியது. அதற்குச் செலவு இல்லை. ஈரத்தரையிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் குழந்தை உயரத்தில் இருந்தது. தாயின் மணம் சேலையில் இருந்தது. இவை யாவற்றினும் முதன்மையானது, தூளியை யாரும் ஆட்டலாம் என்பது. கயிற்றைக் கட்டிப் படுத்தபடியே இழுக்கலாம். ஆறு வயதுச் சிறுமி ஆட்டலாம். கண்பார்வை மங்கிய பாட்டி ஆட்டலாம். தந்தையும் ஆட்டலாம். பாலூட்டுவதைத் தாயால்தான் செய்ய முடியும். உறங்க வைப்பதைத் தூளி பிறர்க்கும் உரிய வேலையாக்கியது.

லயத்தின் அமைப்பும் இங்கே கருதத்தக்கது. பழைய லயங்களில் அறைகளைப் பிரித்த தடுப்புகள் பெரும்பாலும் கூரையைத் தொடுவதில்லை. ஓர் அறையில் குழந்தை அழுதால் வரிசை முழுதும் கேட்கும். அது பெரும் இடையூறுதான். பலருடைய உறக்கம் அதனால் கெட்டது. கணவனின் அடியும் குடிவெறிச் சண்டையும் அதே தடுப்பின் மேலாகக் கேட்டன. எனினும், தன் குழந்தை விடாது அழுவதை வேறு யாரும் அறியாமல் ஒரு பெண் தனியே விழித்திருக்கும் நிலை அங்கே அரிது. விடிந்ததும் பிள்ளைக்கு என்ன என்று கேட்கும் குரல் இருந்தது.

தாலாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தால் என்பது நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு எனப்பட்டது என்பர். பெரியாழ்வார் முதல் பிள்ளைத்தமிழின் தாலப்பருவம் வரை இலக்கியம் தாலாட்டைக் குழந்தையின் புகழாகப் போற்றியது. நாட்டுப்புறத் தாலாட்டு வேறு வகை. அதில் குழந்தைக்குச் சொல்வது போல் தொடங்கி, தாய் தன் பிறந்தகத்தையும், வராத தமையனையும், கடிந்துரைத்த மாமியாரையும் பாடுவாள். குழந்தைக்குச் சொற்கள் விளங்குவதில்லை. கேட்பவர் சுற்றியிருக்கும் பெரியவர்களே. நேரே சொல்ல இயலாத துயரை வீட்டார் செவியில் விழச் சொல்வதற்குத் தாலாட்டு ஏற்ற வடிவமாக விளங்கியது. தூளியின் அடியில் குழந்தையின் உறக்கமும் தாயின் மன ஆறுதலும் ஒரே செயலாக இணைந்தன.

சட்டம் எண்ணியவையும் எண்ணாதவையும்

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1919ஆம் ஆண்டிலேயே பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறு வாரக் கட்டாய ஓய்வையும், வேலை நேரத்தில் பாலூட்ட இருமுறை அரை மணி இடைவேளையையும் அது வகுத்தது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கும் வணிகத்துக்குமே உரியது. தோட்ட வேலை அதன் எல்லைக்குள் வரவில்லை. தோட்டங்களுக்கெனத் தனி உடன்படிக்கை 1958இல்தான் உருவானது.

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பேறுகாலப் படியையும் தோட்டக் குழந்தைக் காப்பிடத்தையும் பற்றிய விதிகளைக் கொண்டிருந்தது. காலனித்துவ அரசு அவற்றை இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. இந்தியாவிலிருந்து ஆள் வரவு தடைப்படாமல் இருக்க இந்திய அரசின் நம்பிக்கை தேவைப்பட்டது. தோட்டத்திலேயே ஒரு தலைமுறைத் தொழிலாளர் வளர்வதும் முதலாளிகளுக்கு ஆதாயமே.

தோட்டக் காப்பிடம் தமிழர் வாயில் ஆயாக் கொட்டகை ஆயிற்று. பெரட்டுக்குப் போகும் வழியில் தாய்மார் இருளிலேயே குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர். பெரும்பாலும் மரம் வெட்ட இயலாத வயதான பெண் ஒருவர் ஆயாவாக இருந்தார். வரிசையாகத் தொங்கிய தூளிகளை அவர் ஒருவரே ஆட்டினார். ஒரே ஆயாவின் பொறுப்பில் பல குழந்தைகள் இருந்ததால் கவனிப்பு குறைந்தது. தொற்று எளிதில் பரவியது. ஆயினும் ஆயா தோட்டத்தின் நினைவில் அன்போடு நிலைத்திருக்கிறார். கடலுக்கு அப்பால் விடப்பட்ட பாட்டியின் இடத்தை ஊதியம் பெறும் ஒரு பணியாக மாற்றிய முதல் ஏற்பாடு ஆயாக் கொட்டகையே என்று கூறலாம்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அறுபது நாள் பேறுகால விடுப்பை வகுத்தது. 1966ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் தோட்டக் குழந்தைக் காப்பிடங்களை வலியுறுத்தியது. அறுபது நாள் என்னும் அளவு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்து, 2023 சனவரியில்தான் தொண்ணூற்றெட்டு நாளாக உயர்ந்தது. தந்தைக்கு ஏழு நாள் விடுப்பும் அப்போதே சட்டமாயிற்று. இவ்வரலாறு முழுவதிலும் சட்டம் நாள்களை எண்ணியது, காசை எண்ணியது, குழந்தைகளின் தலைகளை எண்ணியது. இரவை எண்ணியதில்லை. வேலைக்குத் திரும்பிய தாய் எத்தனை மணி நேரம் உறங்கினாள் என்பது எந்தத் தோட்டப் பதிவேட்டுக்கும் பொருளாகவில்லை.

மருத்துவம் கொண்டுவந்த கடிகாரம்

அதே காலத்தில் மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு முறை ஒன்று பேரரசெங்கும் பரவியது. நியூசிலாந்து மருத்துவர் திரூபி கிங் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தோற்றுவித்தார். நான்கு மணிக்கொருமுறை மட்டும் பால், இரவில் பால் இல்லை, குழந்தைக்குத் தனி அறை, அழுதாலும் உடனே தூக்கலாகாது என்பன அவர் முறையின் விதிகள். தொட்டில் ஆட்டுவதும் உடன் படுக்க வைப்பதும் தீய பழக்கங்களாகக் கருதப்பட்டன. உலகின் மிகப் பெரும்பாலான தாய்மார் செய்துவந்ததை அறியாமை என்று அது ஒதுக்கிற்று. லயத்தில் தனி அறைக்கே இடமில்லை என்பதால் தோட்டத் தமிழரை இவ்விதிகள் நேரே தீண்டவில்லை. ஆயினும் தூளியும் தாலாட்டும் நாகரிகமற்றவை என்னும் எண்ணம் படித்த குடும்பங்களில் இடம்பிடிப்பதற்கு அவை துணைசெய்தன.

மறுபுறம், குழந்தை மரணத்தைக் குறைத்த பெருமை நவீன மருத்துவத்துக்கே உரியது. கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901 முதல் மேற்கொண்ட மலேரியாத் தடுப்புப் பணியும், சிங்கப்பூர்க் கிராமப்புறங்களில் ஐடா சிம்மன்ஸ் 1927 முதல் வளர்த்த தாய் சேய் நலப் பணியும், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் இலவச மகப்பேற்று மருத்துவமனையாக மாறியதும் பல்லாயிரம் தாய்மாரைக் காத்தன. தமிழர் மிகுந்த தேக்கா பகுதியை அடுத்திருந்த அம்மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அக்காலத்தில் உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் ஓராண்டில் அத்தனைக் குழந்தைகள் பிறந்ததில்லை.

இங்கே குறிப்பிடத்தக்கவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பாலும் கொலையும் என்று பொருள்படும் தலைப்பில் அவர் உரையாற்றினார். இனிப்பூட்டிய சுண்டிய பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டார். அவ்வுரை குழந்தை உணவு வரலாற்றில் ஒரு திருப்பம். தோட்டச் சூழலில் அதை வைத்துப் பார்க்கையில், பால் டின் லயத்துக்குள் நுழைந்ததற்கு விளம்பரம் மட்டுமே காரணமன்று என்பது புலப்படும். விடியுமுன் பிரிந்து நண்பகல் கடந்து திரும்பிய தாயின் இன்மையை அந்த டின் நிரப்பியது. வேலை நேரத்தை மாற்றாமல் பாலை மட்டும் கண்டிப்பது தாயின்மேல் இன்னொரு பழியைச் சுமத்துவதாகவே முடியும்.

பெயரில்லாத துயர்

பேற்றுக்குப் பின் வரும் மனநோயை மேலை மருத்துவம் நெடுங்காலம் அதன் கடுமையான வடிவில் மட்டுமே அறிந்திருந்தது. பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தர் மார்சே 1858இல் அதுபற்றி நூல் எழுதினார். வெளியே தெரியாத மென்மையான மனச்சோர்வைப் பிரைஸ் பிட் 1968இல்தான் தனியே விவரித்தார். எடின்பரோ அளவுகோல் என்னும் பத்து வினாப் பட்டியல் 1987இல் வெளியாயிற்று. துயரால் உறக்கம் கெட்டதா என்பது அப்பத்தில் ஒன்று.

தமிழிலும் நிலை இதுவே. பிரசவச் சன்னி என்னும் சொல் காய்ச்சலோடு வரும் பிதற்றலையும் சித்தக் கலக்கத்தையும் ஒருங்கே குறித்தது. அதற்குக் குறைந்த துயருக்குத் தனிச்சொல் இல்லை. கண்ணேறு என்றும் காத்து என்றும் கூறி மந்திரித்தனர். மலாயாவில் 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டபின், அவ்வூரின் பெயரே மக்கள் வழக்கில் பைத்தியத்துக்கு மறுபெயராகிவிட்டது. அத்தகைய சூழலில் மனம் சரியில்லை என்று வாய்திறக்க எப்பெண்ணும் அஞ்சியிருப்பாள். பிள்ளை அழுகிறது, தூங்கமாட்டேன் என்கிறது என்று சொல்வது எளிது. தாயின் துயர் பல வேளைகளில் குழந்தையின் உறக்கத்தைப் பற்றிய முறையீடாகவே வெளிப்பட்டிருக்க வேண்டும்.

போர்க்காலம் துணைக்கைகளின் மதிப்பைக் கொடிய முறையில் காட்டியது. 1942 முதல் 1945 வரை சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ் ஆண்கள் கொண்டுபோகப்பட்டனர். பெரும் பகுதியினர் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு தனித்துவிடப்பட்ட பெண்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர்பிழைத்தனர். சயாம் பாதையின் வரலாற்றில் மாண்டோர் பேசப்படுகின்றனர். பின்னே லயத்தில் தூளியருகே விழித்திருந்தோரின் துயர் இன்னும் எழுதப்படவில்லை.

இரண்டாம் கலைவு

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இச்சூழலில்தான். பின்னர் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். இம்மாற்றத்தைப் பொருளாதார இழப்பாகவும் அடையாள இழப்பாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அது வேறொன்றும் ஆயிற்று. அடுக்குமாடியின் சுவர் கூரையைத் தொடுகிறது. குழந்தையின் அழுகை அடுத்த வீட்டுக்குச் செல்வதில்லை. சென்றாலும் அது முறைப்பெயரால் அழைக்கத்தக்கவரின் செவியில் விழுவதில்லை.

இன்று மலேசியாவில் சுருள்வில் பொருத்திய தொட்டிலையும், தானே ஆடும் மின்தொட்டிலையும் எல்லா இனத்தாரும் வாங்குகின்றனர். பழைய தூளியின் ஆட்டம் அவற்றில் உண்டு. ஆட்டும் ஆள் இல்லை. பச்சிளங்குழந்தையைச் சமமான, உறுதியான பரப்பில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பானது என்பதைப் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கிய இயக்கங்கள் உணர்த்தின. அவற்றின்பின் திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. வளைந்து தொங்கும் துணியில் சிசுவின் கழுத்து மடங்கி மூச்சு தடைப்படக்கூடும். கண்காணிக்க எந்நேரமும் ஒருவர் இருந்த இடத்தில் தோன்றிய கருவி, ஒருவரும் இல்லாத இரவில் அதே பாதுகாப்பைத் தராது. மரபின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மரபின் மனிதர்களை விட்டுவிட்டால் ஆபத்தே மிஞ்சும்.

தாய்மாரின் நிலைக்கும் சான்றுகள் உள. அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் 19.8 விழுக்காட்டினரும் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என உலகச் சுகாதார அமைப்பு கூறுகின்றது. தமிழ்நாட்டு ஊரகப் பகுதியொன்றில் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வு, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் சுமார் 11 விழுக்காட்டினர் எனக் கண்டது. குறைந்த வருவாய், ஆண்குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாருடன் பிணக்கு ஆகியவற்றோடு, உடலுழைப்பில் உதவி கிட்டாமையையும் அது காரணமாகக் காட்டியது. இக்கட்டுரை வரலாற்றின் வழியே கண்ட உண்மையை அவ்வாய்வு மருத்துவத்தின் வழியே உறுதிசெய்கின்றது. எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவமும் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியாகியுள்ளது. அயலகத் தமிழ்ப் பெண்களிடம் அதைப் பயன்படுத்துமுன், அவர்கள் துயரைக் குறிக்கக் கையாளும் சொற்களை அறிந்துகொள்வது தேவை.

முடிவுரை

தாய்வீடு, லயம், அடுக்குமாடி என்னும் மூன்று இடங்களையும் ஒப்பிட்டால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. குழந்தையின் உறக்கம் தாயின் திறமைக்கு வைக்கும் தேர்வன்று. எக்காலத்திலும் ஒருத்தி மட்டும் அதைச் சுமந்ததில்லை. தோட்டத் தமிழர் தாயில்லா இடத்தில் தாய்வீட்டை உண்டாக்கிக் காட்டினர். வறுமையிலும் அது இயன்றது. எனவே இன்றைய நகரத்திலும் இயலும். தந்தையின் விடுப்பு, வீடு தேடி வரும் தாதியர், கோயில்களும் மாதர் சங்கங்களும் அமைக்கக்கூடிய துணைக்குழுக்கள் ஆகியவை அந்த அறுந்த இழையின் தொடர்ச்சியாகவே கருதத்தக்கன. இரு வாரங்களுக்கு மேல் துயர் நீடித்தால் மருத்துவரை நாடுவதும் அத்துணையின் ஒரு பகுதியே.

ஆய்வுலகத்துக்கும் ஓர் அவசரப் பணி உண்டு. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியபோது, இருபது வயதில் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் தலைப்பிள்ளையைத் தூளியில் இட்டு ஆட்டிய பெண் இன்று எண்பது வயதை எட்டியவர். அவரோடு அந்தத் தாலாட்டும், பத்தியக் கணக்கும், துணைநின்ற பெண்களின் பெயர்களும் மறையும். தோட்ட நிர்வாகக் கோப்புகளில் அவை இல்லை. மலேசிய, சிங்கைப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள் வாய்மொழி வரலாற்றுத் திட்டங்களில் பிள்ளைப்பேற்றுக்கும் இரவுக்கும் தனி வினாநிரல் சேர்க்க வேண்டும். கேட்பவர் பெண்களாக இருப்பதும், பதிவு ஒரே அமர்வில் முடிந்துவிடாமல் பலமுறை சென்று பழகிப் பெறுவதாக அமைவதும் நலம். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று இதுவரை கேட்டோம். அப்போது உங்கள் அருகில் யார் இருந்தார்கள் என்று இனிக் கேட்போமாக.